நினைவகம் கிடங்கு அல்ல

தரவைச் சேமித்து வைக்கும் சிப், அந்தத் தரவின் மேல் செய்ய வேண்டிய கணக்கையும் தனக்குள்ளேயே செய்து முடிக்கும்படி வடிவமைப்பது நினைவகக் கணிப்பு எனப்படும். கணினிப் பொறியியலில் இது புதிய எண்ணம் அல்ல. 1969இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வு நிலையத்தைச் சேர்ந்த வில்லியம் கௌட்ஸ் இதன் அடிப்படை அமைப்பை விவரித்தார். அடுத்த ஆண்டே ஹெரால்டு ஸ்டோன், முழுக் கணினி ஒன்றையே இப்படி அமைக்கலாம் என்று எழுதினார். இருந்தும் அரை நூற்றாண்டுக்கு மேல் அது ஓரமாகவே கிடந்தது. ஓரங்கட்டியது ஒரு நம்பிக்கை: கணினியின் வேகம் செயலியில் இருக்கிறது, செயலியின் தரம் அது எத்தனை நானோமீட்டரில் செய்யப்பட்டது என்பதில் இருக்கிறது, நினைவகம் வெறும் கிடங்கு. மடிக்கணினி விற்கும் கடையிலும், குறைகடத்தி ஆலைக்கு அடிக்கல் நாட்டும் மேடையிலும், பொறியியல் வகுப்பறையிலும் இந்த நம்பிக்கையே ஆள்கிறது. கன்னியாகுமரி மாவட்டம் போன்ற இடங்களுக்கு அதன் கிளை ஒன்றும் வந்து சேர்கிறது: சிப் வடிவமைப்பு கொரியாவுக்கும் தைவானுக்கும் உரியது, இந்த மண் தரக்கூடியது தாதுமணலும் வேலை தேடிப் புறப்படும் பட்டதாரிகளும்தான். இரண்டும் தவறு.

இன்றைய கணினிகள் பெரும்பாலும் 1945இல் ஜான் வான் நாய்மன் எழுதிய அறிக்கையின் வழிவந்தவை. கணக்குச் செய்யும் பகுதி ஓரிடம், தரவும் கட்டளைகளும் இருக்கும் நினைவகம் வேறிடம், நடுவில் ஒரு பாதை. ஒரு கூட்டல் நடக்க வேண்டுமென்றால் இரண்டு எண்கள் நினைவகத்திலிருந்து செயலிக்கு வர வேண்டும், விடை திரும்பிப் போக வேண்டும். 1977இல் டூரிங் விருது உரை ஆற்றிய ஜான் பேக்கஸ், இந்தக் குறுகிய பாதைதான் கணினியின் கழுத்தை நெரிக்கிறது என்று வெளிப்படையாகவே சொன்னார். 1995இல் வுல்ஃப், மெக்கீ என்ற இருவர், செயலி வளரும் வேகத்துக்கு நினைவகம் ஈடுகொடுக்கவில்லை என்பதைக் கணக்கிட்டு, ஒரு கட்டத்துக்கு மேல் செயலியை எவ்வளவு விரைவாக்கினாலும் பயனில்லை என்று எச்சரித்தார்கள். எச்சரிக்கையை எல்லோரும் மேற்கோள் காட்டினார்கள். செயலியை விரைவாக்கும் வேலையே தொடர்ந்தது.

நேரத்தை விட மின்செலவில் இந்தத் தவறு இன்னும் தெளிவாகத் தெரியும். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் மார்க் ஹொரோவிட்ஸ் 2014இல் 45 நானோமீட்டர் தொழில்நுட்பத்துக்கு வெளியிட்ட அளவுகள் துறையில் எல்லோருக்கும் தெரிந்தவை. 32 பிட் முழு எண்கள் இரண்டைக் கூட்ட 0.1 பிக்கோஜூல் போதும். 64 பிட் தரவை வெளி நினைவகத்திலிருந்து எடுத்துவர 1,300 முதல் 2,600 பிக்கோஜூல் வரை ஆகிறது. கணக்குக்கு ஆவதைப் போல ஆயிரக்கணக்கான மடங்கு, தரவைச் சுமந்து வருவதற்குப் போகிறது. 2018இல் அமீரலி பொரூமந்தும் கூட்டாளிகளும் கைபேசி போன்ற கருவிகளில் ஓடும் கூகுள் மென்பொருள்களை ஆராய்ந்தபோது, மொத்த ஆற்றலில் 62.7 சதவீதம் தரவை இங்கும் அங்கும் நகர்த்துவதிலேயே செலவாவதைக் கண்டார்கள். மின்கலத்தில் பாதிக்கு மேல் தீர்வது கணக்குக்காக அல்ல, போக்குவரத்துக்காக.

நாஞ்சில் நாட்டில் கன்னிப்பூவும் கும்பப்பூவும் அறுத்த காலத்தில் கதிர்க்கட்டுகளைத் தலையில் சுமந்து வரப்பு வழியே களத்துக்குக் கொண்டுபோய்ச் சூடடிப்பார்கள். நெல்லோடு வைக்கோலின் கனத்தையும் சேர்த்தே சுமக்க வேண்டும். இன்று அறுவடை இயந்திரம் வயலிலேயே அடித்து, நெல்லை மட்டும் வெளியே அனுப்புகிறது. நினைவகக் கணிப்பின் அடிப்படை இதுவே: தரவு கிடக்கும் இடத்திலேயே வேலையை முடித்து, விடையை மட்டும் வெளியே அனுப்புவது.

மொழி மாதிரிகளின் காலத்தில் இது பட்டியலில் எங்கோ கடைசியில் வரும் நுணுக்கம் அல்ல. எடைகள் எனப்படும் 700 கோடி எண்கள் கொண்ட ஒரு மாதிரியை எண்ணுக்கு 16 பிட்டாகச் சேமித்தால் 14 ஜிகாபைட் ஆகும். ஒரே பயனருக்கு விடை எழுதும்போது, டோக்கன் எனப்படும் ஒவ்வொரு சொல்துண்டையும் உருவாக்க அந்த 14 ஜிகாபைட்டும் ஒரு தடவை முழுதாக நினைவகத்திலிருந்து செயலிக்குப் போக வேண்டும். டிடிஆர்4 நினைவகத் தகடுகள் இரண்டு பூட்டிய ஒரு நல்ல மேசைக் கணினியின் பாதை நொடிக்கு 51.2 ஜிகாபைட் தாங்கும். ஆக நொடிக்கு 4 டோக்கன் கூட வராது. செயலியை இரட்டிப்பு வேகமாக்கினாலும், 7 நானோமீட்டரிலிருந்து 3க்குப் போனாலும், இந்த எண்ணிக்கை நகராது. தமிழருக்கு இதில் கூடுதல் இழப்பும் உண்டு. பல மாதிரிகள் ஒரு தமிழ்ச் சொல்லை, அதே பொருளுள்ள ஆங்கிலச் சொல்லை விடப் பல துண்டுகளாக உடைக்கின்றன. ஒவ்வொரு துண்டுக்கும் 14 ஜிகாபைட் பயணம். ஒரே செய்தியைத் தமிழில் சொல்ல அதிக மின்சாரமும் அதிக நேரமும் ஆகிறது. போக்குவரத்துச் செலவைக் குறைக்கும் எந்த வடிவமைப்பும் தமிழுக்கு ஆங்கிலத்தை விட அதிகமாகவே உதவும்.

செயலிக்குள்ளேயே சிறிய வேகமான கேஷ் நினைவகம் இருக்கிறதே, அது போதாதா என்பது வழக்கமான முதல் பதில். ஒரே தரவு திரும்பத் திரும்பத் தேவைப்படும் இடத்தில் கேஷ் மிக நன்றாக வேலை செய்கிறது. அதை மறுக்க வேண்டியதில்லை. மேலே சொன்ன மாதிரியிலோ ஒவ்வோர் எடையும் ஒரு டோக்கனுக்கு ஒரு தடவைதான் பயன்படுகிறது, மொத்த அளவும் எந்தக் கேஷையும் விடப் பல மடங்கு பெரியது. பெரிய தரவு மையங்கள் பல பயனர்களின் கேள்விகளைச் சேர்த்து ஒன்றாக ஓட்டி, ஒரு தடவை எடுத்த எடையைப் பல கேள்விகளுக்குப் பயன்படுத்திக்கொள்கின்றன. அந்த வசதி கைபேசிக்கும் கடலில் போகும் படகுக்கும் கிடையாது.

பாதையை அகலமாக்கினால் போதும் என்பது அடுத்த பதில். ஹெச்பிஎம் எனப்படும் அடுக்கு நினைவகம் அதைத்தான் செய்கிறது: கணினியின் வழக்கமான நினைவகமான டிராம் சிப்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, செயலிக்குப் பக்கத்திலேயே வைத்து, ஆயிரத்துக்கும் மேற்பட்ட கம்பிகளால் இணைக்கிறார்கள். ஹெச்பிஎம்3 அடுக்கு ஒன்று நொடிக்கு 819 ஜிகாபைட் தரும். பயன் உண்மைதான், விலையும் உண்மைதான். ஒவ்வொரு பிட்டும் இன்னும் பயணம் செய்துகொண்டேதான் இருக்கிறது, அதற்கான மின்சாரம் இன்னும் செலவாகிறது. ஹெச்பிஎம் சந்தையோ எஸ்கே ஹைனிக்ஸ், சாம்சங், மைக்ரான் என்ற மூன்று நிறுவனங்களின் கையில் இருக்கிறது.

சிப்புக்கு உள்ளே என்ன நடக்கிறது என்று பார்த்தால்தான் வீணாகும் செல்வம் கண்ணில் படும். டிராம் சிப்பில் ஒரு பிட் என்பது ஒரு டிரான்சிஸ்டரும் ஒரு மின்தேக்கியும். இந்த அமைப்புக்கு ஐபிஎம் நிறுவனத்தின் ராபர்ட் டென்னார்டு 1968இல் காப்புரிமை பெற்றார். மின்தேக்கியில் மின்னூட்டம் இருந்தால் 1, இல்லாவிட்டால் 0. மின்னூட்டம் கசிந்துவிடும் என்பதால் டிடிஆர்4 போன்ற சிப்களில் 64 மில்லிநொடிக்கு ஒரு தடவை எல்லா வரிசைகளையும் புதுப்பிக்க வேண்டும். ஒரு பிட்டைப் படிக்க அது இருக்கும் வரிசை முழுவதையும் திறந்தாக வேண்டும். சாதாரண டிடிஆர்4 சிப் ஒன்றில் ஒரு வரிசையைத் திறந்தால் 8,192 பிட்டுகள் ஒரே நேரத்தில் உணர்பெருக்கி எனப்படும் நுண்சுற்றுகளில் வந்து நிற்கின்றன. அதிலிருந்து ஒரு தடவைக்கு வெளியே போவது 64 பிட். 128இல் ஒரு பங்கு. இப்படிப்பட்ட வரிசைகள் அடங்கிய, வங்கி எனப்படும் பகுதிகள் 16 ஒரே சிப்பில் இருக்கின்றன. வெளியே இருக்கும் செயலி பசியோடு காத்திருக்க, உள்ளே தரவு ஏற்கெனவே விரிந்து கிடக்கிறது. கிடங்கு என்ற எண்ணம் மறைத்து வைத்திருப்பது இந்த அகலத்தைத்தான்.

இங்கே எழும் வலுவான எதிர்வாதம் உற்பத்தி சார்ந்தது. டிராம் ஆலையின் செய்முறை மின்னூட்டத்தைக் கசியவிடாமல் காக்க உகந்தது, வேகமான தருக்கச் சுற்றுகள் செய்ய உகந்ததல்ல, எனவே நினைவகத்துக்குள் கணக்குச் சுற்றை வைத்தால் இரண்டும் கெடும் என்பார்கள். 1990களில் இது பெரும்பாலும் சரியாக இருந்தது. இதற்கு மிக அழகான பதிலைக் கண்டவர்களில் ஒருவர் சென்னை ஐஐடியில் இளங்கலைப் பொறியியல் படித்த விவேக் சேஷாத்ரி. கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவராக இருந்தபோது, ஓனுர் முட்லு, டாட் மௌரி முதலியோருடன் அவர் 2013இல் ரோகுளோன் என்ற முறையை வெளியிட்டார். ஒரு வரிசையைத் திறந்து, மூடாமலேயே அடுத்த வரிசையைத் திறந்தால், முதல் வரிசையின் தரவு இரண்டாவதில் அப்படியே பதிந்துவிடும். ஒரு பிட் கூடச் சிப்பை விட்டு வெளியே வரவில்லை. 4 கிலோபைட் நகலுக்கு ஆகும் நேரம் 11.6 மடங்கும், ஆற்றல் 74.4 மடங்கும் குறைந்தன.

2017இல் அவர் முதன்மை ஆசிரியராக வெளியான ஆம்பிட் இன்னும் ஒரு படி மேலே போனது. மூன்று வரிசைகளை ஒரே நேரத்தில் திறந்தால், ஒரே கம்பியில் தொங்கும் மூன்று மின்தேக்கிகளின் மின்னூட்டமும் கலக்கும். இரண்டிலாவது 1 இருந்தால் கம்பியின் அழுத்தம் பாதிக்கு மேலே ஏறும், உணர்பெருக்கி அதை 1 என்று முடிவு செய்யும். இல்லாவிட்டால் 0. அதாவது மூன்றில் பெரும்பான்மை எதுவோ அதுவே விடை. மூன்றாவது வரிசையில் முன்கூட்டியே எல்லாம் 0 வைத்தால், மற்ற இரண்டிலும் 1 இருந்தால் மட்டுமே 1 வரும். எல்லாம் 1 வைத்தால், இரண்டில் ஏதேனும் ஒன்றில் 1 இருந்தாலே போதும். தருக்கக் கணக்கின் ‘அண்ட்’டும் ‘ஆர்’உம் இப்படிக் கிடைக்கின்றன. கலந்த பிறகு மூல வரிசைகள் அழிந்துவிடும் என்பதால், முதலில் ரோகுளோன் வழியே நகல் எடுத்துக்கொள்கிறார்கள். 1ஐ 0ஆகப் புரட்டும் ‘நாட்’டுக்கு மட்டும் இரண்டு இணைப்புள்ள தனிச் செல்கள் சில தேவை. கூடுதலாக ஆகும் இடம் சிப் பரப்பில் சுமார் 1 சதவீதம். ஏழு வகைப் பிட் கணக்குகளின் சராசரியில் வேகம் 32 மடங்கு கூடியது, ஆற்றல் 35 மடங்கு குறைந்தது. டிராம் ஆலையால் நல்ல தருக்கச் சுற்று செய்ய முடியாது என்ற வாதம் இங்கே தொடுவதற்கு இடமே இல்லாமல் போகிறது, ஏனென்றால் தருக்கச் சுற்று எதுவும் புதிதாகச் செய்யப்படவில்லை. மின்தேக்கியின் இயல்பே கணக்காகிறது.

பயனில்லாத வித்தை அல்ல இது. ஒரு மாவட்டத்தின் ஓய்வூதியப் பட்டியலில் பெண்கள் யார், 60 வயது கடந்தவர்கள் யார், கணவரை இழந்தவர்கள் யார் என்று ஒவ்வொரு கேள்விக்கும் ஆளுக்கு ஒரு பிட்டாக எழுதி வைத்தால், மூன்றுக்கும் பொருந்துபவர்களைக் கண்டுபிடிப்பது வரிசைகளை ‘அண்ட்’ செய்யும் வேலைதான். தரவுத்தளங்கள் இந்த முறையைப் பல்லாண்டுகளாகக் கையாள்கின்றன. மரபணு வரிசைகளைத் தேடுவதிலும் இதே வகைக் கணக்கு மிகுதி.

ஆய்வுக்கூடத்தோடு நின்றுவிடும் விஷயம் என்று இன்னும் சொல்பவர்களுக்குக் கொரிய நிறுவனங்களே பதில் தந்துவிட்டன. 2021இல் சாம்சங், ஹெச்பிஎம்2 அடுக்கின் உள்ளே இரண்டு வங்கிகளுக்கு ஒன்றாகக் கணிப்பு அலகுகள் வைத்த சிப்பை வெளியிட்டது. 20 நானோமீட்டர் டிராம் செய்முறையில் ஆன அது நொடிக்கு 1.2 இலட்சம் கோடி மிதவைப் புள்ளிக் கணக்குகள் செய்தது. 2022இல் எஸ்கே ஹைனிக்ஸ் வரைகலை நினைவகத்தில் அதே வழியில் இறங்கியது. பிரான்ஸின் அப்மெம் நிறுவனம், ஒவ்வொரு சிப்பிலும் 8 சிறு செயலிகளும் ஒவ்வொன்றுக்கும் 64 மெகாபைட்டும் கொண்ட நினைவகத் தகடுகளை விற்பனைக்கே கொண்டுவந்தது. ஜூரிக்கில் ஹுவான் கோமஸ்-லூனா குழு 2,556 சிறு செயலிகள் கொண்ட அத்தகைய கணினியை 16 வகைச் சோதனைகளில் ஓட்டிப் பார்த்தது. அவற்றில் 10இல் அது வரைகலைச் செயலியையே சராசரியாக 2.5 மடங்கு முந்தியது.

இழப்பு இல்லாமல் எதுவும் கிடைக்கவில்லை. சாம்சங் சிப்பில் கணிப்பு அலகுகள் இடத்தைப் பிடித்துக்கொண்டதால் 8 ஜிகாபைட் தந்திருக்க வேண்டிய அடுக்கு 6 ஜிகாபைட் தந்தது. அப்மெம் செயலிகளுக்கு மிதவைப் புள்ளிப் பெருக்கல் வன்பொருளில் இல்லை, மென்பொருளில் மெதுவாகச் செய்ய வேண்டியிருந்தது. கடையில் வாங்கும் சாதாரண மடிக்கணினியில் இவை எதுவும் இன்னும் இல்லை. பிட்டுக்கு எவ்வளவு விலை என்ற ஒரே அளவுகோலில் வாங்கி விற்கப்படும் பொருள் நினைவகம். கால் பங்கு கொள்ளளவை விட்டுக்கொடுத்துத் தரவுப் பயணத்தை மிச்சப்படுத்துவது லாபமா என்ற கேள்விக்கு அந்த அளவுகோலில் இடமே இல்லை. அளவுகோல்தான் மாற வேண்டும்.

ஐம்பது ஆண்டு முயன்றும் வெல்லாதது இனி வெல்லாது என்ற வாதம், தோல்விக்குக் காரணம் கேட்பதில்லை. 1992இல் டொரன்டோவில் டங்கன் எலியட், 1994இல் ஐபிஎம்மில் பீட்டர் கோகி, 1997இல் பெர்க்லியில் டேவிட் பேட்டர்சன் என்று திறமைசாலிகள் பலர் இதில் இறங்கினார்கள். அந்த ஆண்டுகளில் டிரான்சிஸ்டர் சிறிதாகச் சிறிதாக மின்செலவு உயராமலே வேகம் கூடிக்கொண்டிருந்தது. புதிய அமைப்பு ஒன்றை உருவாக்கி, அதற்கு மென்பொருள் எழுதி முடிப்பதற்குள், பழைய அமைப்பின் அடுத்த செயலி அதே வேகத்தை எட்டிவிடும். காத்திருப்பவரே வென்றார். 2005ஐ ஒட்டி அந்த வளர்ச்சி நின்றது. டிரான்சிஸ்டர் சிறிதானாலும் வெப்பம் காரணமாகக் கடிகார வேகம் உயரவில்லை. கூடவே, பெரும் தரவை ஒரு தடவை புரட்டிவிட்டு விட்டுவிடும் நரம்பியல் வலைகள் வந்தன. தானாகவே கூடிய செயலி வேகம், இதற்குப் பொருந்தும் பெரிய வேலை இல்லாமை என்று முன்பு தோற்கடித்த இரண்டு காரணங்களும் இன்று இல்லை.

எதிர்வாதங்களில் மதிக்கத்தக்கது மென்பொருள் பற்றியது. இன்றைய கணினியில் ஒரு 64 பிட் எண்ணின் 8 பைட்டுகளும் 8 தனிச் சிப்களில் சிதறிக் கிடக்கின்றன. வேகத்துக்காகவே அப்படிச் செய்யப்பட்டது. சிப்புக்குள் இருக்கும் கணிப்பு அலகின் கையில் எண்ணில் எட்டில் ஒரு பங்குதான் இருக்கும். எனவே தரவை முன்கூட்டியே மாற்றி அடுக்க வேண்டும். ஒன்றாகக் கணக்கிட வேண்டிய வரிசைகள் ஒரே உட்பகுதியில் இருக்கும்படி இயக்க முறைமை பார்த்துக்கொள்ள வேண்டும். செயலியின் கேஷில் பழைய நகல் இருந்தால் அதைச் செல்லாததாக்க வேண்டும். பிழை திருத்தும் குறிகள் ‘அண்ட்’ கணக்கில் தானாக ஒத்துப்போவதில்லை என்பது இன்னொரு தீராத சிக்கல். இவையெல்லாம் உண்மையான தடைகள். ஆனால் இவற்றில் ஒன்று கூட இயற்கை விதி அல்ல, எல்லாமே மனிதர் எழுதிய ஏற்பாடுகள். வரைகலைச் செயலிகளுக்கு நிரல் எழுதுவது ஒரு காலத்தில் சிலருக்கே கைவந்த வேலையாக இருந்தது. 2007இல் என்விடியாவின் கூடா வந்த பிறகு அது மாணவர்கள் செய்யும் வேலையாயிற்று. நினைவகக் கணிப்புக்கு அப்படியொரு தளம் இன்னும் எழுதப்படவில்லை. எழுத வேண்டியது மென்பொருள் என்னும்போது, மென்பொருள் ஆட்களைப் பல்லாண்டுகளாக உருவாக்கி அனுப்பும் தமிழ்நாட்டுக்கு அது தூரத்து வேலை அல்ல.

இரண்டாவது வழி ஒன்றும் உண்டு. டிராமை விட்டுவிட்டு, மின்தடையையே நினைவாக வைத்துக்கொள்ளும் மெம்ரிஸ்டர்களைக் குறுக்குக் கம்பி வலையில் அமைப்பது. வரிசைக் கம்பிகளில் மின்னழுத்தம் கொடுத்தால், ஓம் விதிப்படி ஒவ்வொரு சந்திப்பிலும் பெருக்கல் நடக்கும், கிர்க்காஃப் விதிப்படி நெடுக்குக் கம்பியில் மின்னோட்டங்கள் கூடும். ஓர் அணிப் பெருக்கல் முழுவதும் ஒரே வீச்சில் முடிந்துவிடும். லியோன் சுவா 1971இல் கருத்தாகச் சொன்ன மெம்ரிஸ்டரை, 2008இல் ஹெச்பி ஆய்வுக்கூடத்தில் ஸ்டான்லி வில்லியம்ஸ் குழு டைட்டானியம் டை ஆக்சைடு படலத்தில் செய்து காட்டியது. 2024 செப்டம்பரில் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் ஸ்ரீதோஷ் கோஸ்வாமி, நவகாந்த பட் குழு, வில்லியம்ஸையும் சேர்த்துக்கொண்டு, நேச்சர் இதழில் ஒரு மூலக்கூறு மெம்ரிஸ்டரை வெளியிட்டது. இது சுமார் 16,500 நிலைகளைப் பிரித்துக் காட்டியது. கம்பி வலையிலிருந்து வரும் மின்னோட்டத்தை எண்ணாக மாற்றும் சுற்று நிறைய மின்சாரத்தைத் தின்னும் என்ற குறை இந்த வழிக்கு இன்னும் உண்டு.

நானோமீட்டரே எல்லாம் என்ற நம்பிக்கைக்கு மிகத் தெளிவான மறுப்பு, ஐபிஎம்மில் தர்மேந்திர மோதா தலைமையில் உருவாகி 2023இல் வெளியான நார்த்போல் சிப். 256 கணிப்பு அலகுகளோடு நினைவகத்தைப் பின்னிப் பிணைத்து, வெளி நினைவகத்தையே நாடாமல் வேலை செய்யும் அது, 12 நானோமீட்டரில் ஆனது. படங்களை அடையாளம் காணும் ஒரு சோதனையில், அதே 12 நானோமீட்டரில் ஆன வரைகலைச் செயலியை விட ஆற்றல் சிக்கனத்தில் 25 மடங்கு மேலாக நின்றது. அதை விட நுணுகிய தொழில்நுட்பத்தில் செய்யப்பட்ட சிப்களையும் முந்தியது. அமைப்பு சரியாக இருந்தால் பழைய ஆலையும் புதிய ஆலையை வெல்லும்.

இந்த இடத்தில் கன்னியாகுமரி மாவட்டத்தின் பேச்சு வருகிறது. 1909இல் ஜெர்மானியரான ஷோம்பெர்க் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் மோனசைட்டைக் கண்டார். மேலைநாட்டு எரிவாயு விளக்குகளின் வலைத்திரிக்கு வேண்டிய தோரியத்துக்காக அந்த மணல் கப்பலேறியது. இன்று அங்கே ஐஆர்இஎல் என்ற பொதுத்துறை நிறுவனம் இல்மனைட், ரூட்டைல், சிர்கான் முதலியவற்றைப் பிரிக்கிறது. ரூட்டைல் என்பது டைட்டானியம் டை ஆக்சைடு, ஹெச்பி மெம்ரிஸ்டரின் அதே பொருள். சிர்கானில் சிறு பங்காக ஹாஃப்னியம் இருக்கிறது, புதிய நினைவகச் செல்களில் விரும்பப்படும் ஹாஃப்னியம் ஆக்சைடு அதன் வழிவந்தது. குறைகடத்தி யுகத்தில் மாவட்டத்தின் பங்கு இதுதான் என்று இதை வைத்துப் பேசுவது எளிது. கணக்குப் போட்டால் அந்தப் பேச்சு நிற்காது. 300 மில்லிமீட்டர் விட்டமுள்ள வேஃபர் ஒன்றின் பரப்பு சுமார் 707 சதுர சென்டிமீட்டர். அதன் மேல் 10 நானோமீட்டர் தடிமனுக்கு ஹாஃப்னியம் ஆக்சைடு படிந்தால் எடை சுமார் 7 மில்லிகிராம். ஒரு கிராம், 140 வேஃபர்களுக்குக் காணும். நூற்றுக்கணக்கான சிப்கள் தரும் ஒரு வேஃபரில் மண்ணின் பங்கு இவ்வளவே. மற்ற மதிப்பு முழுவதும் வடிவமைப்பிலும் செய்முறையிலும் இருக்கிறது. கரையைத் தோண்டி, கடலோர மக்களின் அச்சத்துக்கும் எதிர்ப்புக்கும் நடுவே மணலை அனுப்புவது, சிப் தொழிலில் பங்கெடுப்பது ஆகாது.

ஆட்களைப் பற்றிய பேச்சும் அப்படியே. 2011 கணக்கெடுப்பில் 91.75 சதவீத எழுத்தறிவோடு தமிழ்நாட்டில் முதலிடத்தில் நின்ற மாவட்டம் இது. இஸ்ரோவின் தலைமைப் பொறுப்பேற்ற கே. சிவன் சரக்கல்விளையிலிருந்தும் வி. நாராயணன் மேலக்காட்டுவிளையிலிருந்தும் வந்தவர்கள். நவீன ஆலை இல்லாமல் எதுவும் முடியாது என்பதற்கு இஸ்ரோவே மறுப்பு. 2025இல் வெளிவந்த விக்ரம் 3201 செயலியும், சென்னை ஐஐடியின் சக்தி வடிவமைப்பில் திருவனந்தபுரத்து இஸ்ரோ அலகுக்காக உருவான ஐரிஸ் சிப்பும் மொகாலியில் உள்ள குறைகடத்தி ஆலையில் 180 நானோமீட்டரில் செய்யப்பட்டவை. உலகச் சந்தைக் கணக்கில் பல தலைமுறை பழைய தொழில்நுட்பம். விண்கலத்துக்கு வேண்டிய வேலையை அது செய்கிறது.

தேவையும் மாவட்டத்திலேயே இருக்கிறது. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை மீனவர்கள் அரபிக் கடலில் கரையிலிருந்து பல நாள் பயணத் தொலைவில் தங்கல் தொழில் செய்பவர்கள். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் வந்தபோது எச்சரிக்கை எட்டாத தூரத்தில் இருந்தவர்கள் பலர் திரும்பவில்லை. இன்று இஸ்ரோ உருவாக்கிய, செயற்கைக்கோள் வழியே இருபக்கமும் குறுஞ்செய்தி அனுப்பும் கருவிகள் படகுகளில் பொருத்தப்படுகின்றன. தமிழில் பேசினால் புரிந்துகொள்ளும் கருவியோ, எஞ்சின் ஒலியை வைத்துப் பழுதை முன்கூட்டிச் சொல்லும் கருவியோ அந்தத் தொலைவில் வேண்டுமென்றால், அது படகிலேயே, மின்கலத்திலேயே ஓட வேண்டும். ஆழ்கடலில் தரவு மையத்தைத் தொடர்ந்து எட்டும் இணைய இணைப்பு அவர்களிடம் இல்லை. முப்பந்தலின் காற்றாலைத் தூண்களில் அதிர்வைக் கண்காணிக்க மின்கலத்தில் ஓடும் உணரிகளை வைத்தால், அவற்றுக்கும் மின்செலவே வரம்பு. மின்செலவில் பெரும்பங்கு தரவுப் பயணம் என்றால், பயணத்தை நிறுத்தும் சிப்தான் இவற்றுக்கு முதல் தேவை.

டிராம் ஆலை இல்லாத நாட்டில் நினைவகத்தை எப்படி வடிவமைப்பது என்ற கடைசிக் கேள்விக்கும் பதில் இருக்கிறது. குஜராத்தின் சானந்தில் மைக்ரான் அமைத்திருப்பது சிப்களைப் பொதித்துச் சோதிக்கும் ஆலைதான், டிராம் செய்யும் ஆலை அல்ல. ஆனால் 2019இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் ஃபெய் காவோவும் கூட்டாளிகளும் எந்த ஆலையையும் நாடவில்லை. சந்தையில் வாங்கிய டிடிஆர்3 தகடுகளை, சுற்றை நிரல் வழியே மாற்றியமைக்கக்கூடிய ஒரு எஃப்பிஜிஏ பலகையில் பூட்டி, கட்டளைகளுக்கு நடுவே விட வேண்டிய இடைவெளியை வேண்டுமென்றே குறைத்து அனுப்பினார்கள். சில தகடுகளில் பல வரிசைகள் ஒன்றாகத் திறந்து, ‘அண்ட்’டும் ‘ஆர்’உம் நடந்தன. எந்த மாற்றமும் செய்யாத சிப்பிலேயே கணிப்பு நடந்தது. 2024இல் ஜூரிக் குழு டிடிஆர்4 சிப்களில் ‘நாட்’டையும் 16 உள்ளீடுகள் வரையான தருக்கக் கணக்குகளையும் செய்துகாட்டியது. அதற்குப் பயன்பட்ட டிராம் பெண்டர் என்ற கருவித்தொகுப்பின் மூலநிரல் எல்லோருக்கும் திறந்தே இருக்கிறது.

கோணத்தில் அண்ணா பல்கலைக்கழகத்தின் உறுப்புக் கல்லூரி, சுங்கான்கடை, குமாரகோவில் என்று மாவட்டத்தில் மின்னணுவியல் படிப்பு உள்ள கல்லூரிகளுக்குக் குறைவில்லை. எஃப்பிஜிஏ பலகை ஒன்று, பழைய தகடுகள் சில, வெப்பத்தைக் கட்டுப்படுத்த ஒரு எளிய சூடேற்றி இருந்தால் இந்த அளவீடுகளைத் தொடங்கலாம். எந்த நிறுவனத்தின் சிப்பில், எந்த இடைவெளியில், எத்தனை சதவீதச் செல்கள் சரியான விடை தருகின்றன, வெப்பம் ஏறும்போது அது எப்படி மாறுகிறது, சிப் முதுமை அடையும்போது என்னவாகிறது என்பவை எல்லாம் அளக்கப்பட வேண்டியவை. சொந்தமாகச் சிப் வடிவமைக்க விரும்புவோருக்கு, கேஷில் பயன்படும் நினைவக வகையான எஸ்ராம் வழி இருக்கிறது. ஆறு டிரான்சிஸ்டர் செல்லில் இரண்டு வரிசைகளை ஒன்றாகத் திறந்தால் ஒரு கம்பியில் ‘அண்ட்’டும் எதிர்க்கம்பியில் ‘ஆர்’இன் எதிர்விடையான ‘நார்’உம் கிடைக்கும். மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஷைசீன் ஆகா, சுப்ரீத் ஜெலோகா, அருண் சுப்ரமணியன், சதீஷ் நாராயணசாமி முதலியோர் 2017இல் கேஷையே கணிப்பானாக மாற்றியது இந்த வழியில்தான். எஸ்ராமுக்குத் தனி நினைவக ஆலை வேண்டாம், 180 நானோமீட்டரும் போதும். ஒன்றிய அரசின் சிப்ஸ் டு ஸ்டார்ட்அப் திட்டத்தில் கல்லூரி மாணவர்களின் வடிவமைப்புகள் மொகாலியில் செய்து தரப்படுகின்றன. சில கிலோபிட் அளவில் கணிப்பு செய்யும் எஸ்ராம் ஒன்று, இளங்கலை இறுதியாண்டுக் குழுவும் அனுபவமுள்ள ஆசிரியர் ஒருவரும் சேர்ந்து எடுத்துக்கொள்ளக்கூடிய அளவுள்ள வேலை.